வாயோரத் தடிப்பும் பல் துலக்கும் பேஸ்ட்டும்

முகத்தில் ஏதாவது கிளம்பிவிட்டால் முதலில் சந்தேகத்துக்கு ஆளாவது முகத்தில் பூசுகிற பொருட்கள்தான். ஃபேஸ்வாஷை மாற்றுவோம், மாய்ஸ்சரைசரை நிறுத்துவோம், சன்ஸ்கிரீன்மேல் பழிபோடுவோம். அதே முகத்தின் நடுவில் தினமும் இரண்டு வேளை நுரைத்து வழிகிற ஒரு பொருள் மட்டும் விசாரணைக்கே வராது. பற்பசை வாய்க்குள் போகிற பொருள், முகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நாமாகவே ஒரு கணக்கு வைத்திருக்கிறோம்.

பல் துலக்கும்போது கண்ணாடியைப் பார்த்தால் இந்தக் கணக்கு எவ்வளவு தவறு என்று தெரியும். நுரை உதட்டைத் தாண்டும், கடைவாயோரம் தேங்கும், மோவாய் வரை ஒழுகும். துலக்கி முடித்ததும் புறங்கையால் ஒரு துடைப்பு, அவ்வளவுதான். துடைத்தது போக மீதி மெல்லிய படலமாகத் தோலில் காய்ந்து நிற்கும். பெரும்பாலானோருக்கு இதனால் ஒன்றும் ஆவதில்லை. சிலருக்கு மட்டும் உதட்டைச் சுற்றிச் சிவப்பு, எரிச்சல், பொருக்கு, சின்னச் சின்னப் பருக்கள். மாதக்கணக்காக முகப்பரு என்று நினைத்து மருந்து போட்டுக்கொண்டிருப்பார்கள், அது குறையவே குறையாது.

இங்கேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வாயைச் சுற்றி வருகிற எல்லாத் தடிப்புக்கும் பேஸ்ட்தான் காரணம் என்று சமூக ஊடகங்களில் இப்போது அடித்துப் பேசுகிறார்கள். அது மிகை. பேஸ்ட்டை விசாரிக்காமல் விடுவது எவ்வளவு தவறோ, விசாரிக்காமலே தண்டிப்பதும் அவ்வளவு தவறு.

உள்ளே தாங்குவது வெளியே தாங்காது

ஒரே பொருள் வாய்க்குள் சும்மா இருக்கிறது, வெளியே வந்தால் மட்டும் ஏன் தொந்தரவு செய்கிறது? முக்கியமான காரணம் எச்சில். வாய்க்குள் எச்சில் இடைவிடாமல் ஊறுகிறது. எந்தப் பொருளையும் நீர்க்கச் செய்து, கழுவி, விழுங்க வைத்துவிடுகிறது. ஆகவே உள்ளே படுகிற எதுவும் அதிக நேரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. வெளித்தோலில் அந்த வசதி இல்லை. நுரையிலிருக்கும் நீர் ஆவியாகிப் போகும், கரைந்திருந்த பொருட்கள் தங்கிவிடும். நீர் குறையக் குறைய அவற்றின் அடர்த்தி கூடும். இரவில் துலக்கிவிட்டுப் படுத்தால் காலை வரை அங்கேயே இருக்கும். தூக்கத்தில் எச்சில் வடிகிறவர்களுக்கு அது மறுபடி கரைந்து மறுபடி படியும்.

இரண்டாவது, அந்த இடத்துத் தோலின் தன்மை. தோலின் மேற்பரப்பில் இறந்த செல்களும் அவற்றுக்கிடையே கொழுப்பும் சேர்ந்த ஓர் அடுக்கு இருக்கிறது. உடலின் பெரும்பகுதியில் இதன் தடிமன் 10 முதல் 20 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒன்றோ இரண்டோ பங்கு. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் பல மடங்கு தடிப்பாக இருக்கும் இந்த அடுக்கு, முகத்தில் மெலிந்திருக்கும். உதட்டின் சிவந்த பகுதியில் இன்னும் மெல்லியது. உதட்டுக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது, எண்ணெய்ச் சுரப்பியும் பெரும்பாலும் கிடையாது. தன்னைத் தானே மெழுகிக்கொள்ள வழியில்லாத இடம் அது.

மூன்றாவது, அமிலத்தன்மை. ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது. பிஎச் அளவில் 5ஐ ஒட்டி இருக்கும். பற்பசைகளில் பலவும் நடுநிலையாகவோ காரத்தன்மையோடோ இருப்பவை. சமையல் சோடா சேர்த்தவை 8, 9 வரை போகும். பல்லுக்கு இது நல்லது. பல்லை அரிப்பது அமிலம்தான், அதை மட்டுப்படுத்துவது பேஸ்ட்டின் வேலைகளில் ஒன்று. தோலின் மேலடுக்கைப் பிணைத்து வைக்கும் நொதிகளுக்கோ அமிலச் சூழல்தான் ஒத்துப்போகும். பல்லுக்கென்று அளவெடுத்துச் செய்த பொருள் தோலில் படும்போது உரசல் வருவது இதனால்தான். பேஸ்ட் கெட்டது என்று இதற்கு அர்த்தமில்லை.

பேஸ்ட்டுக்குள் என்ன இருக்கிறது?

அட்டைப்பெட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் நீளமாக ஒரு பட்டியல் இருக்கும். அதில் தோலைப் பொறுத்தவரை நாம் கவனிக்க வேண்டியவை சிலதான்.

நுரைக்குக் காரணமான சோடியம் லாரில் சல்ஃபேட் முதலாவது. சுருக்கமாக எஸ்எல்எஸ் என்பார்கள். ஷாம்பூ, பாத்திரம் தேய்க்கும் திரவம் எல்லாவற்றிலும் இதன் குடும்பத்தைப் பார்க்கலாம். எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துவைப்பது இதன் தொழில். பல்லில் ஒட்டிய பிசுக்கைக் கிளப்புகிற அதே திறமை, தோல் செல்களுக்கு இடையிலிருக்கும் கொழுப்பையும் கிளப்பும். செங்கற்களுக்கு நடுவிலுள்ள சாந்து உதிர்ந்த சுவர் போல ஆகிவிடும் தோல். உள்ளேயிருக்கும் ஈரம் வெளியேறும், வெளியேயிருக்கும் எரிச்சலூட்டிகள் உள்ளே நுழையும். தோல் ஆய்வுக்கூடங்களில் வேண்டுமென்றே எரிச்சலை உண்டாக்கிப் பார்க்க ஒரு பொருள் தேவைப்பட்டால், பல பத்தாண்டுகளாக அவர்கள் கையிலெடுப்பது எஸ்எல்எஸ்ஸைத்தான். எரிச்சலுக்கு அதுவே அளவுகோல் மாதிரி. பேஸ்ட்டில் இது பொதுவாக 1, 2 சதவீத அளவில் இருக்கும். இரண்டு நிமிடம் பட்டுக் கழுவிவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை. கழுவாமல் விடும்போதுதான் கதை வேறு.

எஸ்எல்எஸ்ஸுக்கு மாற்றாகச் சில பேஸ்ட்களில் கோக்கமிடோபுரோப்பைல் பீட்டைன் என்ற நுரைப்பொருளைச் சேர்க்கிறார்கள். எரிச்சல் குறைவு, உண்மைதான். ஆனால் சிலருக்கு இதுவே ஒவ்வாமை தரும். 2004ஆம் ஆண்டு அமெரிக்கத் தொடுதோலழற்சிச் சங்கம் அந்த ஆண்டின் ஒவ்வாமைப்பொருளாக இதைத்தான் அறிவித்தது. எஸ்எல்எஸ் இல்லை என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பது எரிச்சலைப் பற்றிய உறுதிமொழிதான். ஒவ்வாமை வராது என்று அது சொல்லவில்லை.

அடுத்தது வாசனையும் சுவையும். என் பார்வையில் பேஸ்ட்டில் அதிகம் கவனிக்கப்படாத பகுதி இதுதான். பேஸ்ட்டால் வரும் உண்மையான ஒவ்வாமைகளில் முன்னணியில் நிற்பவை சுவையூட்டிகளே. பட்டையின் மணத்துக்குக் காரணமான சின்னமால்டிஹைட், கிராம்பிலுள்ள யூஜெனால், ஈட்டிப் புதினாவிலுள்ள (ஸ்பியர்மின்ட்) கார்வோன், மிளகுப் புதினாவின் (பெப்பர்மின்ட்) மென்தால் ஆகியவை இந்தக் கூட்டத்தில் அடக்கம். ஒவ்வாமையைக் கண்டுபிடிக்கத் தோல் மருத்துவர்கள் முதுகில் ஒட்டிப் பார்க்கும் 'ஃபிராக்ரன்ஸ் மிக்ஸ் 1' என்ற கலவையில் எட்டுப் பொருட்கள் உண்டு. சின்னமால்டிஹைடும் யூஜெனாலும் அந்த எட்டில் இரண்டு. சின்னமால்டிஹைட் கலந்த பேஸ்ட்டால் வாயைச் சுற்றியுள்ள தோல் நிறமிழந்து, வெண்படை போலவே தோன்றிய நேர்வும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது.

மூலிகைப் பேஸ்ட்தான் பாதுகாப்பானது என்று நினைப்பவர்கள் மேலே உள்ள பெயர்களை இன்னொரு முறை பார்க்கலாம். பட்டை, கிராம்பு, புதினா எல்லாமே செடியிலிருந்து வந்தவை. தேனீக்கள் சேர்க்கும் புரோபோலிஸ் என்ற பிசினும் சில 'இயற்கை' பேஸ்ட்களில் இருக்கும். அதுவும் பேர்பெற்ற ஒவ்வாமைப்பொருள்தான். நோய் எதிர்ப்பு மண்டலம் ஒரு மூலக்கூறு தோட்டத்தில் விளைந்ததா தொழிற்சாலையில் பிறந்ததா என்று விசாரித்துக்கொண்டிருப்பதில்லை.

புதினா தருகிற குளிர்ச்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மென்தால் எதையும் குளிர வைப்பதில்லை. குளிரை உணர்த்தும் நரம்பு முனைகளில் டிஆர்பிஎம்8 என்ற ஏற்பி இருக்கிறது, மென்தால் அதைத் தூண்டிவிடுகிறது. இந்த ஏற்பியைக் கண்டறிந்ததில் பங்குள்ள டேவிட் ஜூலியஸும் ஆர்டம் படபூட்டியனும் 2021இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். ஏற்கெனவே புண்பட்ட தோலில் இந்தத் தூண்டல் குளிர்ச்சியாகத் தெரியாது, சுரீரென்று எரியும். பேஸ்ட் பட்டால் எரிகிறது என்று சிலர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த எரிச்சலை வைத்தே ஒவ்வாமை என்று முடிவுகட்ட முடியாது.

இனி ஃபுளோரைடு. விவாதம் அதிகம் இதன்மேல்தான். சாதாரண பேஸ்ட்களில் 1000 முதல் 1500 பிபிஎம் வரை, அதாவது பத்து லட்சம் பங்கில் அத்தனை பங்கு, ஃபுளோரைடு இருக்கும். பல் சொத்தையைத் தடுப்பதில் இதற்கு இணையாக நிரூபணம் பெற்ற பொருள் பேஸ்ட்டில் வேறில்லை. ஃபுளோரைடு பேஸ்ட்டால் வாயைச் சுற்றிப் பரு போன்ற தடிப்புகள் வருவதாக 1975இல் ஒரு தோல் மருத்துவர் எழுதினார். அதன்பின் இன்னும் சிலரும் அப்படிப்பட்ட நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். பேஸ்ட்டை மாற்றியதும் பலருக்குக் குறைந்தது என்பதே அவற்றின் சாரம். ஆனால் பேஸ்ட்டை மாற்றினால் ஃபுளோரைடு மட்டுமா மாறுகிறது? நுரைப்பொருள், சுவை, நிறம் என எல்லாமே சேர்ந்து மாறுகிறது. குறைந்ததற்கு எது காரணம் என்று அதிலிருந்து சொல்ல முடியாது. ஆகவே ஃபுளோரைடைச் சந்தேகப்பட்டியலில் வைக்கலாம், குற்றவாளி என்று எழுத ஆதாரம் போதாது. தோலுக்காகப் பல்லைச் சொத்தைக்குக் காணிக்கையாக்குவதில் புத்திசாலித்தனம் எதுவும் இல்லை.

பல்லில் காரை படியாமல் தடுக்கும் பேஸ்ட்களில் பைரோஃபாஸ்பேட் உப்புகள் சேர்ப்பார்கள். அவை காரத்தன்மையைக் கூட்டும். அவற்றின் கசப்பை மறைக்கச் சுவையூட்டியையும் நுரைப்பொருளையும் கூட்ட வேண்டிவரும். வாயோரம் தொந்தரவு உள்ளவர்கள் முதலில் கைவிட வேண்டிய வகை இது. பல்லை வெண்மையாக்கும் பட்டைகளிலும் ஜெல்களிலும் ஹைட்ரஜன் பெராக்சைடு இருக்கும். உதட்டில் பட்டால் சற்று நேரம் தோல் வெளுத்து எரியும். உடனே கழுவினால் சரியாகிவிடும். மவுத்வாஷில் ஆல்கஹால் இருந்தால் உதட்டை உலர்த்தும், சில பழைய வகைகளில் அது 20 சதவீதத்துக்கும் மேல். பல்செட் ஊறவைக்கும் மாத்திரைகளிலுள்ள பெர்சல்ஃபேட் என்ற உப்பு ஒவ்வாமை தரக்கூடியது என்று பெட்டியில் எச்சரிக்கும்படி அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2008இல் நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. ஊறவைத்த பல்செட்டை நன்றாக அலசாமல் போட்டுக்கொண்டால் வாயும் உதடும் வீங்கக்கூடும்.

எரிச்சல் வேறு, ஒவ்வாமை வேறு

பேச்சுவழக்கில் எல்லாவற்றையும் 'அலர்ஜி' என்றே சொல்லிவிடுகிறோம். மருத்துவத்தில் இவை இரண்டும் தனித்தனி. செய்ய வேண்டியதும் மாறுகிறது, அதனால் பிரித்துப் பார்ப்பது பயனுள்ளது.

எரிச்சல் என்பது நேரடிச் சேதம். போதிய அளவு, போதிய நேரம் பட்டால் யாருக்கும் வரும். எஸ்எல்எஸ் செய்வது இதைத்தான். பட்ட இடத்தில் மட்டும் வறட்சி, சிவப்பு, பிடித்து இழுப்பது போன்ற உணர்வு, எரிச்சல். அரிப்பைவிட எரிச்சலே அதிகமாக இருக்கும். படும் அளவைக் குறைத்தாலே தணிந்துவிடும். அதே பேஸ்ட்டையே தொடர்ந்துகொண்டு, வாயோரத்தை ஒழுங்காகக் கழுவினாலே போதும் என்கிற நிலைமையும் உண்டு.

ஒவ்வாமை என்பது நோய் எதிர்ப்பு மண்டலத்தின் நினைவு. ஒரு பொருளை எதிரி என்று ஒருமுறை குறித்துவைத்துவிட்டால், பிறகு துளி பட்டாலும் டி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள் கிளம்பி வரும். வருவதற்கு நேரமாகும். பட்டதிலிருந்து ஒன்றிலிருந்து மூன்று நாள் கழித்துத்தான் தடிப்பு தெரியும். அரிப்பு அதிகம் இருக்கும். இந்தத் தாமதம்தான் ஆட்களைக் குழப்புகிறது. இன்று வந்த தடிப்புக்கு நேற்று சாப்பிட்டதையும் இன்று பூசியதையும் குறைசொல்வோம், முந்தாநாள் துலக்கியதை யாரும் நினைக்க மாட்டார்கள். இன்னொரு குழப்பம்: 'பத்து வருஷமா இதே பேஸ்ட்தான், ஒண்ணும் ஆனதில்லையே' என்பார்கள். ஒவ்வாமை அப்படித்தான் வரும். வருடக்கணக்காகப் பழகிய பொருளுக்கு எதிராகத் திடீரென ஒருநாள் உடல் திரும்பலாம். திரும்பிவிட்டால் அது பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க நீடிக்கும்.

ஒவ்வாமைக்கு அளவைக் குறைப்பது தீர்வாகாது, அந்தப் பொருளையே விட வேண்டும். பேஸ்ட்டில் மட்டும் விட்டாலும் போதாது. சின்னமால்டிஹைட் ஒத்துக்கொள்ளாதவர் அதே சுவையுள்ள சூயிங் கம், மவுத்வாஷ், உதட்டுத் தைலம் எல்லாவற்றிலும் கவனமாக இருக்க வேண்டும். உதடு வெடித்து, வீங்கி, தோலுரிந்து வருடக்கணக்கில் தைலம் பூசிக்கொண்டே இருப்பவர்களில் சிலருக்கு, அந்தத் தைலத்தின் வாசனையும் பேஸ்ட்டின் வாசனையும் ஒரே பொருளாக இருப்பதுண்டு.

உதட்டை ஒட்டி ஒரு வெறும் கோடு

பற்பசையோடு அடிக்கடி சேர்த்துப் பேசப்படும் நோய் ஒன்று இருக்கிறது. பெரியோரல் டெர்மடைட்டிஸ், அதாவது வாய்சூழ் தோலழற்சி. பார்த்தால் பரு மாதிரியே இருக்கும். சிவந்த தோலில் குட்டிக் குட்டிப் பருக்கள், சிலவற்றில் சீழ்முனை, மேலே மெல்லிய செதில். வாயைச் சுற்றி, மூக்கோர மடிப்பில், சிலருக்குக் கண்ணைச் சுற்றியும் வரும். 20 முதல் 45 வயதுப் பெண்களிடம் அதிகம், குழந்தைகளுக்கும் வருவதுண்டு. இதை அடையாளம் காண உதவும் ஒரு குறி உதட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தடிப்பு உதட்டை ஒட்டி வராது. உதட்டின் விளிம்பைச் சுற்றி ஒரு மெல்லிய கோடு அளவுக்குத் தோல் சுத்தமாக இருக்கும், அதற்கு அப்பால்தான் பருக்கள் தொடங்கும். பேஸ்ட்டின் ஒவ்வாமையாக இருந்தால் பெரும்பாலும் உதடே முதலில் பாதிக்கப்படும். முகப்பருவாக இருந்தால் கரும்முனைகளும் வெண்முனைகளும் ஆங்காங்கே தெரியும், இதில் அவை இருக்காது.

இதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுவது பேஸ்ட் அல்ல, முகத்தில் பூசும் ஸ்டீராய்டு கிரீம். அரிப்புக்கோ நிறம் வெளுக்கவோ யாரோ சொன்னார்கள் என்று ஒரு டியூபை வாங்கிப் பூசுவோம். இரண்டே நாளில் முகம் பளிச்சென்றாகும். நிறுத்தினால் தடிப்பு வரும். மறுபடி பூசுவோம், அடங்கும். மறுபடி நிறுத்தினால் முன்பைவிட மோசமாக வரும். இப்படி ஒரு சுழலில் மாட்டிக்கொண்டவர் பேஸ்ட்டை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தால் ஆயுசுக்கும் குணமாகாது. ஆஸ்துமாவுக்காக உறிஞ்சும் ஸ்டீராய்டு மருந்து முகத்தில் படுவதும் காரணமாகலாம். கனமான கிரீம்களும் மேக்கப்பும் நிலைமையை முற்றவைக்கும். ஃபுளோரைடு பேஸ்ட், பட்டைச் சுவை, எஸ்எல்எஸ் எல்லாம் இந்தப் பட்டியலில் அவற்றுக்குப் பிறகுதான் வருகின்றன, அதுவும் சிலருக்கு மட்டும்.

இதற்குத் தோல் மருத்துவர்கள் முதலில் சொல்வது பலருக்கும் ஏமாற்றமாக இருக்கும்: எல்லாவற்றையும் நிறுத்துங்கள். முகத்தில் தண்ணீரும் மிதமான ஃபேஸ்வாஷும் தவிர வேறெதுவும் வேண்டாம் என்பார்கள். ஸ்டீராய்டை நிறுத்திய முதல் சில நாட்களில் தடிப்பு பொங்கியெழும். அங்கேதான் ஆட்கள் பயந்துபோய் மறுபடி டியூபைத் தேடுவார்கள். தேவைப்பட்டால் மெட்ரோனிடசோல் ஜெல்லோ டெட்ராசைக்ளின் வகை மாத்திரையோ மருத்துவர் தருவார். கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் அந்த மாத்திரை கூடாது என்பதால் சொந்தமாக வாங்கிப் போட்டுக்கொள்ளும் விஷயமல்ல. முழுக்கச் சரியாக வாரங்கள், சிலருக்கு மாதங்களே ஆகும்.

வாயைச் சுற்றி வருகிற மற்றவற்றையும் ஓரளவு தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. கடைவாய் மட்டும் வெடித்து வலித்தால் எச்சில் ஊறல், பூஞ்சைத் தொற்று, பொருந்தாத பல்செட், இரும்புச்சத்தோ பி வைட்டமின்களோ குறைவது என வேறு காரணங்களைப் பார்க்க வேண்டும். ஒரே இடத்தில் கொத்தாக நீர்க்கொப்புளம் வந்து வந்து போனால் அது ஹெர்பிஸ் வைரஸின் வேலை. தேன் நிறப் பொருக்கு கட்டினால் பாக்டீரியாத் தொற்று. உதட்டைச் சுற்றி நாக்கு எட்டுகிற தூரம் வரை வட்டமாகச் சிவந்திருக்கும் குழந்தையிடம் பேஸ்ட்டைப் பற்றிக் கேட்பதற்கு முன், உதட்டை நக்கும் பழக்கம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

பருவின்மேல் பேஸ்ட் தடவலாமா?

கூடாது. இந்த வைத்தியம் எப்படிப் பரவியது என்பது புரியக்கூடியதுதான். பேஸ்ட் காயும்போது பருவும் காய்ந்து சுருங்குவது போலத் தெரியும். ஒரு காலத்தில் சில பேஸ்ட்களில் டிரைக்ளோசான் என்ற கிருமிக்கொல்லியும் இருந்தது, அதனால் பரு ஆறும் என்ற நம்பிக்கைக்குக் கொஞ்சம் தர்க்கமும் கிடைத்தது. இப்போது பெரும்பாலான பேஸ்ட்களில் அது இல்லை. மீதமிருப்பது எஸ்எல்எஸ்ஸும் மென்தாலும் காரத்தன்மையும்தான். இதுவரை சொன்ன எரிச்சலெல்லாம் தற்செயலாகப் படிந்த மெல்லிய படலத்தால் வந்தது. இங்கே கெட்டியாக அப்பி, ராத்திரி முழுக்க ஊறவிடுகிறோம். பரு நாலு நாளில் தானே போயிருக்கும். பேஸ்ட் சுட்ட இடத்தில் வரும் கரும்படலம் மாதக்கணக்கில் நிற்கும். மாநிறமும் கறுப்பும் உள்ள தோலில் இந்தக் கறை இன்னும் அழுத்தமாக விழும். தீப்புண்ணில் பேஸ்ட் தடவுவதும் இதே ரகம். அதற்கு வேண்டியது ஓடுகிற குளிர்ந்த தண்ணீர்.

சரி, என்ன செய்வது?

காசு செலவில்லாத மாற்றம் ஒன்று இருக்கிறது. முதலில் பல் துலக்குங்கள், அதன்பின் முகம் கழுவுங்கள். நிறையப் பேர் தலைகீழாகச் செய்கிறார்கள். முகத்தைக் கழுவி, சீரமும் கிரீமும் பூசி முடித்துவிட்டு, படுக்கப் போகும்முன் கடைசியாகப் பல் துலக்குகிறார்கள். அப்போது பூசியதெல்லாம் வாயோரத்தில் மட்டும் கழுவிப் போய், அதற்குப் பதில் பேஸ்ட் படிந்துவிடும். வரிசையை மாற்றினாலே பாதிப் பேருக்குப் பிரச்சினை தீரும் என்று சொல்ல ஆசைதான், அப்படி ஒரு கணக்கு என்னிடம் இல்லை. ஆனால் இதைவிடச் சுலபமான சோதனை வேறு கிடையாது.

ரெட்டினால், கிளைகாலிக் அமிலம், பென்சாயில் பெராக்சைடு போன்றவற்றை முகத்தில் பயன்படுத்துகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். இவை தோலின் மேலடுக்கை ஏற்கெனவே மெலியவோ உலரவோ வைத்திருக்கும். வழக்கமாக ஒன்றும் செய்யாத பேஸ்ட் அப்போது சுடும். புதிதாக ரெட்டினால் தொடங்கிய இரண்டாவது வாரத்தில் பேஸ்ட் எரிகிறது என்றால், பேஸ்ட்டைத் தூக்கிப் போடுவதற்கு முன் ரெட்டினாலை வாயோரத்தில் பூசாமல் விட்டுப் பாருங்கள். துலக்கும் முன் உதட்டோரத்தில் கொஞ்சம் பெட்ரோலியம் ஜெல்லி தடவிக்கொள்வதும் உதவும். நுரை தோலைத் தொடாமல் வழுக்கிப் போகும். சவரம் செய்த கையோடு பல் துலக்குவதையும் தவிர்க்கலாம், புதிதாகச் சிராய்த்த தோல் எதையும் எளிதில் உள்ளே விடும். தாடி வைத்திருப்பவர்கள் மீசை, தாடியின் அடியில் நுரை சிக்கியிருக்கிறதா என்று பார்த்து அலச வேண்டும்.

இங்கே பல் மருத்துவர்களின் அறிவுரையோடு ஒரு முட்டல் வரும். துலக்கியபின் துப்புங்கள், தண்ணீர் ஊற்றிக் கொப்பளிக்காதீர்கள், ஃபுளோரைடு பல்லில் தங்கட்டும் என்கிறார்கள் அவர்கள். நாமோ நன்றாகக் கழுவு என்கிறோம். இரண்டும் ஒத்துப்போகும். கொப்பளிக்க வேண்டாம் என்பது வாயின் உட்புறத்துக்கு, கழுவு என்பது வெளிப்புறத்துக்கு. துப்பிவிட்டு, வாயை மூடிக்கொண்டு, உதட்டையும் மோவாயையும் தண்ணீரால் கழுவித் துணியால் ஒற்றி எடுத்தால் பல் மருத்துவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். பேஸ்ட்டின் அளவையும் பாருங்கள். விளம்பரங்களில் பிரஷ் முழுக்க அலையடிக்கும் அந்தப் பட்டை கண்ணுக்கு அழகு, பெரியவர்களுக்கே பட்டாணி அளவு போதும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரிசி மணி அளவு.

இவ்வளவுக்கும் பிறகும் தணியவில்லை என்றால் பேஸ்ட்டை மாற்றிப் பார்க்கலாம். எஸ்எல்எஸ் இல்லாத, சுவையும் மணமும் மிகக் குறைந்த, வெண்மையாக்கல், காரைத் தடுப்பு என்று எதுவும் சேராத, ஆனால் ஃபுளோரைடு உள்ள ஒரு பேஸ்ட்டைத் தேர்ந்தெடுங்கள். நுரை குறைவாக வரும், சுத்தமாகவில்லையோ என்று முதலில் தோன்றும். சுத்தம் பண்ணுவது பிரஷ்தான், நுரை இல்லை. மாற்றுவதாக இருந்தால் அதை மட்டும் மாற்றுங்கள். கிரீமையும் ஃபேஸ்வாஷையும் சேர்த்து மாற்றினால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது. ஆறிலிருந்து எட்டு வாரம் பொறுக்க வேண்டும். மூன்று நாளில் ஒன்றும் தெரியாது. அதற்குள் பத்து பேஸ்ட்டை மாற்றிப் பார்த்து எல்லாமே ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவுக்கு வருகிறவர்கள்தான் அதிகம். ஃபுளோரைடையும் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று தோன்றினால், அதைப் பல் மருத்துவருக்குத் தெரிந்து, சில வாரங்களுக்கு மட்டும் செய்யுங்கள். அடிக்கடி சொத்தை விழுகிறவர்கள் அதைக்கூடச் செய்ய வேண்டாம்.

கையில் பேஸ்ட்டைத் தடவி, மேலே பிளாஸ்டர் போட்டு ஒவ்வாமை இருக்கிறதா என்று வீட்டிலேயே சோதிக்கும் யோசனை சிலருக்கு வரும். அது வேண்டாம். மூடிவைத்த எஸ்எல்எஸ் யாருடைய தோலையும் சிவக்கவைக்கும், அதைப் பார்த்து ஒவ்வாமை என்று தவறாக நினைத்துக்கொள்வோம். முறையான பேட்ச் டெஸ்ட்டில் சந்தேகப் பொருட்களை ஒவ்வொன்றாக, பாதுகாப்பான அடர்த்தியில், சிறு சிறு வட்டுகளில் வைத்து முதுகில் ஒட்டுவார்கள். 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். ஒவ்வாமை தாமதமாக வெளிப்படும் என்பதால் ஓரிரு நாள் விட்டு மறுபடியும் பார்ப்பார்கள். அதுவரை முதுகு நனையக் கூடாது, அது கொஞ்சம் தொல்லைதான். ஆனால் எந்தப் பொருள் என்று பெயர் சொல்லித் தெரிந்துகொள்ள நம்பகமான வழி அதுதான்.

உதடும் முகமும் திடீரென வீங்கினால், மூச்சுத் திணறினால், விழுங்க முடியாமல் போனால் இந்தப் பொறுமையெல்லாம் கூடாது, உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். தடிப்பு கண்ணை நெருங்கினாலோ, சீழ் வைத்தாலோ, இரண்டு மாதம் கடந்தும் குறையாவிட்டாலோ தோல் மருத்துவரைப் பாருங்கள். போகும்போது பேஸ்ட், மவுத்வாஷ், உதட்டுத் தைலம், முகத்தில் பூசுகிற எல்லாவற்றின் பெட்டிகளையும் எடுத்துச் செல்லுங்கள். முக்கியமாக, யாரோ சொன்னார்கள் என்று வாங்கிப் பூசிய அந்த டியூபையும். பலர் அதை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போகிறார்கள்.